எதிலிருந்து உயரம்?

ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் படிக்காதவர் இல்லை. ஆயினும் அந்தக் கடல் எது, அதன் மட்டத்தை எந்தத் துறைமுகத்தில் நிச்சயித்தார்கள் என்று கேட்டவர் சொற்பமே. ஓயாமல் ஏறி இறங்கும் கடலுக்கு மட்டம் ஏது? கரையில் ஓதமானி ஒன்றை நிறுவி, வருஷக் கணக்காக ஏற்ற இறக்கங்களைக் குறித்து, அவற்றின் சராசரியைப் பூஜ்யமென்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து டம்பி லெவல் என்னும் மட்டக் கருவியும் அளவுகோலுமாகப் படிப்படியே உள்நாட்டுக்கு உயரத்தைக் கொண்டுசெல்வதே சர்வேக்காரர்களின் சம்பிரதாயம். இந்தியாவில் 1909-ல் முடிவான மட்டக் கணக்குக்கு நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களே ஆதாரம்.

ஐரோப்பாவிலோ தேசத்துக்கொரு பூஜ்யம். ஜெர்மனி ஆம்ஸ்டர்டாமை நம்பியது. கடலே இல்லாத சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலோரத்து மார்சேயை நம்பியது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். ரைன் நதியின் இரு கரைகளிலுமுள்ள லாஃபன்பர்க் ஊரில் இரு தேசங்களும் எதிரெதிராகப் பாலம் கட்டிவந்தபோது, இந்த வித்தியாசம் என்ஜினீயர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்து, அதைக் கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டபடியால், 27 மறைவதற்குப் பதிலாக 54 ஆகி, 2003-ல் பாலத்தின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று படியாக நின்றன. ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்தித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அறியாமையைவிட அரைக் கவனத்தால் வரும் நஷ்டமே அதிகம் போலும்!

ஆகாய விமானத்தின் உயரமானி நிலத்தையும் பார்ப்பதில்லை, கடலையும் பார்ப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை மட்டுமே அறியும். உள்ளே காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டி, வெளியழுத்தம் குறையக் குறையச் சற்றே உப்ப, அந்த உப்பலைப் பற்சக்கரங்கள் முள்ளின் சுழற்சியாக்குகின்றன. கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 30 அடிக்குச் சமானம்; ஆகவே அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்த பிரதேசத்துக்குள் கருவியைத் திருத்தாமல் நுழையும் விமானி, முள் காட்டுவதைவிட சுமார் 300 அடி தாழ்வாகப் பறப்பார். இதற்காகவே, இறங்குமுன் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் அவ்வூர் அழுத்தத்தை அவர் திருகி வைத்துக்கொள்கிறார். உயரே ஏறிய பின்போ, அன்றைய வானிலை எதுவாயினும், எல்லா விமானங்களும் 1013.25 என்ற ஒரே எண்ணில் வைத்துக்கொள்கின்றன. அந்த உயரம் மெய்யல்ல; எல்லோருக்கும் ஒரே அளவில் பொய்யாதலால் மோதாமல் காக்கிறது. வள்ளுவர் இடங்கொடுத்த பொய்களில் இதையும் சேர்க்கலாம்.

செயற்கைக் கோள்கள் வந்தபின் மூன்றாவது பூஜ்யம் ஒன்றும் சேர்ந்தது: கணிதத்தால் வகுத்த, மழமழப்பான நீள்கோளம். பூமியினுள் கனம் சீராகப் பரவாததால் ஈர்ப்பும் சீராக இல்லை. அதனால் கடற்பரப்பே சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் அமைந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, அந்தக் கோளத்துக்கு 106 மீட்டர் கீழே. சென்னைக் கடற்கரையும் அதன் சரிவில்தான், 80 மீட்டருக்கும் மேலான தாழ்வில், கிடக்கிறது. ஆகையால் மெரினாவில் நிற்கையில் உங்கள் செல்போன் செயலி எண்பதுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுக் காட்டினால், போனைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். அது எந்த மட்டத்திலிருந்து அளக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.