சர்வரின் மௌனம் நலத்தின் அறிகுறியா?

தேர்வு முடிவுகளை இணையத்தில் பார்க்கிறீர்கள். இரயிலுக்கு முன்பதிவு செய்கிறீர்கள். இவை யாவும் எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகளிலிருந்து வருகின்றன. பிற கணிப்பொறிகளுக்குப் பணிபுரிவதால் இவற்றைச் சர்வர் என்கிறோம். சர்வரின் முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பாலானவற்றுக்குத் திரைகூடக் கிடையாது. அப்படியானால் அதில் கோளாறு நேர்ந்தால் நிர்வாகிக்கு எப்படித் தெரியும்?

மென்பொருள் மனிதர் எழுதுவது. எனவே அதில் பிழைகள் இருக்கவே செய்யும். பிழை தெரிந்ததும் திருத்தம் வெளியிடுகிறார்கள். ஆனால் திருத்தம் வெளியானவுடன், ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது! ஆகவே தாமதம் கூடாது. டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் இதற்கென்றே 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற நிரல் உண்டு. ஆள் இல்லாமலேயே இது நாள்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தேடி எடுத்து நிறுவும். நாம் கேட்டுக்கொண்டால், நடந்ததை மின்னஞ்சலில் எழுதியும் அனுப்பும்.

எப்போது எழுத வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்: எப்போதும் எழுதலாம், மாற்றம் நிகழ்ந்தால் எழுதலாம், பிழை நேர்ந்தால் மட்டும் எழுதலாம். 'எல்லாம் நலம்' என்று தினமும் வரும் கடிதத்தை யார் படிப்பது என்று எண்ணி, மூன்றாவது முறையைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

அந்தக் கடிதம் செல்லும் வழியைப் பாருங்கள். மேம்படுத்தும் நிரல் கடிதத்தைத் தானே கொண்டு செல்வதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் போன்றதோர் அஞ்சல் நிரலிடம் அதை ஒப்படைக்கிறது. அந்த அஞ்சல் நிரல் நிறுவப்படாமலே இருந்தால் கடிதம் புறப்படாது. மின்னஞ்சல் வெளியேறும் வழிக்கு 25 என்று எண். குப்பை அஞ்சல்களைத் தடுப்பதற்காக, சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல இவ்வழியை அடைத்து வைத்துள்ளன. வழி திறந்திருந்தாலும், அனுப்புவோர் யார் என்பதற்குச் சான்று வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதைக் கட்டாயமாக்கியுள்ளது.

போஸ்ட்ஃபிக்ஸ், வெளியேற முடியாத கடிதத்தை வழக்கமாக 5 நாட்கள் வைத்திருந்து மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அனுப்பியவர் யார்? அதே சர்வர்தான்! அதன் அஞ்சல் பெட்டியை யாரும் திறப்பதில்லை. இன்னொன்று: வட்டு நிரம்பிவிட்டால் திருத்தத்தை நிறுவ இயலாது; அதைத் தெரிவிக்கும் கடிதத்தை வைக்கவும் இடம் இராது. தந்திக் கம்பி அறுந்த செய்தியை அதே கம்பி வழியாகத் தந்தியடித்துச் சொல்ல முயல்வது போன்றது இது.

செய்தி உரியவரைச் சேராவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் 2017-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அங்கே திருத்தம் செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள். செய்தி சென்றதோ மின்னஞ்சலில்தான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளுக்கு மார்ச் 7-இல் திருத்தம் வெளியாயிற்று. இரண்டு நாட்களில், அதை நிறுவச் சொல்லி நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் சென்றது. ஆனால் முகவரிப் பட்டியல் பழையது. நிறுவ வேண்டியவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. மே மாதத்தில் திருடர்கள் நுழைந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவியோ, அதன் டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியானதால், மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தைப் பார்க்க இயலாமல் சும்மா இருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஜூலை 29-இல் சான்றிதழைப் புதுப்பித்ததும் திருட்டு வெளிப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயிருந்தன.

அப்படியானால் தீர்வு என்ன? இரவுக் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். திருடன் வந்தால்தான் கூவுவேன் என்று அவர் இருப்பதில்லை; மணிக்கொரு முறை விசில் ஊதுகிறார். விசில் கேட்கவில்லையென்றால் தெருவே எழுந்து பார்க்கும். சர்வரையும் இப்படியே பழக்கலாம். திருத்தம் நிறுவி முடித்ததும், அது வேறோர் இடத்திலுள்ள கணிப்பொறிக்கு 'முடித்துவிட்டேன்' என்று சிறு குறிப்பு அனுப்பட்டும். குறித்த நேரத்தில் அக்குறிப்பு வராவிட்டால், அந்த இரண்டாவது கணிப்பொறி நிர்வாகியை எழுப்பட்டும். இதை 'இதயத் துடிப்பு' முறை என்பார்கள். இதில் சர்வர் செயலிழந்தாலும், குறிப்பு செல்லும் வழி அடைபட்டாலும், வட்டு நிரம்பித் திருத்தம் நிறுவ முடியாமல் போனாலும் விளைவு ஒன்றே: துடிப்பு நின்றுவிடும், அது குறித்த நேரத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு சர்வர் உங்கள் பொறுப்பில் இருக்கிறதா? இன்றே அதிலிருந்து ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். பெறுவோர் பட்டியலில் உள்ளவர்கள் இன்னும் அங்கே பணியில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிழைக் கடிதம் வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: பிழை இல்லாமல் இருக்கலாம், அல்லது கடிதம் வராமல் இருக்கலாம். எது உண்மை என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.