பல்லின் உறுப்பியல் சொற்கள்: உதவியாளர் பயிற்சியும் தமிழாக்கச் சிக்கல்களும்

மருத்துவக் கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவரையும் மருத்துவ மாணவரையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. மருத்துவரின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவர், அவர் சொல்வதைக் கேட்டு நோயாளியின் பதிவேட்டில் குறிப்பவர் ஆகியோரின் மொழித்தேவை தனியே நோக்கப்படவில்லை. பல் மருத்துவ உதவியாளர் அத்தகையோருள் ஒருவர். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், செயற்கைப்பல் செய்யும் தொழில்நுட்பர் என மூவரை வரையறுத்தது. உதவியாளருக்கு அதில் இடமில்லை. அதனால் அவர்தம் கல்வி பெரிதும் நாற்காலியின் அருகிலேயே, செவிவழியாகவே நிகழ்ந்து வந்துள்ளது. செவிவழிக் கல்வியில் சொல் ஒன்று பிழைத்தால் பல் ஒன்று பிழைக்கும். இக்கட்டுரை பல்லின் உறுப்பியலைக் கற்பிக்கும் தமிழ்ச் சொற்களுள் சிலவற்றை இந்நோக்கில் ஆராய முற்படுகிறது.

தில்லியை இங்குக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்நகரில் மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். நோயாளி இந்தியில் முறையிடுகிறார். உதவியாளரின் வீட்டுமொழி தமிழாகவும் இருக்கலாம். அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இயங்கிவருவதும் தில்லியிலேயே. ஆணையத்தின் நெறி இரு கூறுடையது: பன்னாட்டு வழக்கில் நிலைபெற்ற சொற்களை ஒலிபெயர்த்துக் கொள்ளுதல், புதிதாக ஆக்க வேண்டியவற்றை வடமொழி வேர்களிலிருந்து ஆக்குதல். அதன்படி இந்திப் பாடநூல்களில் வெட்டுப்பல் 'கிருந்தக்' எனவும், கோரைப்பல் 'ரதனக்' எனவும், கடைவாய்ப்பல் 'சர்வணக்' எனவும் வழங்குகின்றன. ஆனால் நோயாளி இவற்றுள் ஒன்றையும் சொல்வதில்லை. அவர் சொல்வது 'தாட்' (கடைவாய்ப்பல்), 'அக்கல் தாட்' (அறிவுப்பல்) என்பனவே. தமிழில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதன்று. பாடநூல் கூறும் கடைவாய்ப்பல்லும் பாட்டி கூறும் கடைவாய்ப்பல்லும் ஒரே சொல். இது தமிழுக்கு வாய்த்த நலம்; எனினும், பின்னர்க் காணவிருப்பதுபோல, இதுவே ஓர் இடரும் ஆகும்.

மரபில் பல்

பல் என்பது தொல்திராவிடச் சொல். மலையாளத்தில் பல்லு, தெலுங்கில் பன்னு, கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹல்லு என இனமொழிகளில் வழங்குகிறது. சங்க நூல்களில் இதனோடு எயிறு என்பதும் பயில்கிறது. அது மகளிர் பல்லையும் விலங்கின் கோரையையும் ஒருங்கே குறிக்கும்.

பல்லை ஓர் உறுப்பாக முதலில் நுணுகி நோக்கிய தமிழர் மருத்துவர் அல்லர், இலக்கணிகள் என்று கூறினும் மிகையாகாது. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துப் பிறத்தற்குரிய எட்டு நிலைக்களன்களுள் பல்லையும் வைத்தெண்ணுகிறது. தகர நகரங்களின் பிறப்பிடத்தை அண்ணத்தை நெருங்கிய பல்லின் முதல் என வரையறுக்கிறது. வகரத்திற்குப் பல்லும் இதழும் இயைதலைக் கூறுகிறது. நன்னூலார் அண்பல், அடி என்னும் சொற்களை ஆள்கிறார். மேல், கீழ், அடி, விளிம்பு என்று பல்லின் இடங்களைப் பகுக்கும் வழக்கு, ஒலியியலின் தேவையால், தமிழில் முன்பே அமைந்துவிட்டது.

இலக்கியமோ பல்லைத் தனித்தனியே நோக்கவில்லை; வரிசையாகவே நோக்கியது. கேசாதிபாத மரபில் பற்கள் முத்துகள், முல்லையரும்புகள். முத்துக்கு முத்து வேறுபாடு இல்லை. தனிப்பல்லுக்குப் பெயரிட்ட இடம் ஒன்று உண்டு, அது பாம்பின் வாய். அதன் நான்கு நச்சுப்பற்களைக் காளி, காளாத்திரி, யமன், யமதூதி எனப் பிரித்து வழங்கினர். எந்தப் பல் தீண்டியது என்பதைப் பொறுத்து நஞ்சின் கடுமை வேறுபடும் எனக் கருதிய இடத்தில் பெயர் வேறுபாடு தேவைப்பட்டது. தேவையே பெயரைப் பிறப்பிக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

மக்கள் வழக்கு மனிதப் பல்லின் குறைகளையும் நிலைகளையும் பெயரிடுவதில் வளமுடையது. எத்துப்பல், தெற்றுப்பல், சிங்கப்பல், சொத்தைப்பல், ஆடுபல், பொய்ப்பல் என அப்பட்டியல் நீளும். இவற்றை உறுப்பியல் வகைப்பெயர்களாகக் கொள்ளுதல் கூடாது. சான்றாகச் சிங்கப்பல் என்பது கோரைப்பல்லின் மறுபெயர் அன்று. வரிசைக்கு வெளியே உயர்ந்து தோன்றும் பல்லுக்கு, பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு, வழங்கும் பெயர். வரிசையில் ஒழுங்காக நிற்கும் கோரைப்பல்லை எவரும் சிங்கப்பல் என்பதில்லை.

அறிவியல் நெறியில் உடற்கூற்றைத் தமிழில் கற்பித்த முன்னோடி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822-1884). அவர் 1847இல் அங்கு வந்தார். மாணவர்களைத் தமிழிலேயே மருத்துவராக்க முனைந்து நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு அவர் ஆண்ட அங்காதிபாதம் என்னும் சொல் கேசாதிபாதத்தின் எதிரொலியாகவே செவிக்குப் படுகிறது. அச்சொல் இன்று வழக்கொழிந்தது. மொழிபெயர்ப்பின் பயனாளர் யார் என்பதை முதலில் தீர்மானித்த அவருடைய முறை வழக்கொழிய வேண்டியதில்லை.

பெயரிடும் அடிப்படைகள்

ஒரு வாயில் பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. இவற்றை வகைப்படுத்தும் பெயர்கள் எல்லா மொழிகளிலும் ஒரே அடிப்படையில் அமையவில்லை. வெட்டுப்பல் தொழிலால் பெற்ற பெயர். நாய்ப்பல் ஒப்புமையால் பெற்றது, இலத்தீனின் நேர்பெயர்ப்பு. இலங்கைத் தமிழர் வழங்கும் வேட்டைப்பல் அதே விலங்கினைத் தொழில்வழி நினைவூட்டுவது. இலத்தீன் கடைவாய்ப்பல்லை அரைகல்லோடு சார்த்திப் பெயரிட, இந்தி மெல்லுதலோடு சார்த்த, தமிழ் அதனை இடத்தால் பெயரிட்டது. கடைவாய் என்பது வாயின் கோடி, அங்குள்ளது கடைவாய்ப்பல்.

இடத்தால் பெயரிட்டதன் விளைவு நோக்கத்தக்கது. மக்கள் வழக்கில் கோரைக்குப் பின்னுள்ளவை எல்லாம் ஏறத்தாழக் கடைவாய்ப்பற்களே. அறிவியலோ இவற்றை இரு வகையாக்குகிறது. எனவே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் என அடைகொடுத்துப் பிரித்தன. பெரியோர் வாய்க்கு இது பொருந்தும். குழந்தையின் வாய்க்கு? பாற்பல் வரிசையில் முன்கடைவாய்ப்பல்லே கிடையாது. கோரையை அடுத்து நிற்பவை இரண்டு பின்கடைவாய்ப் பாற்பற்கள். அவை விழுந்த இடத்தில்தான் நிலையான முன்கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. ஏறத்தாழ ஆறு வயதில் தோன்றும் முதல் நிலைப் பின்கடைவாய்ப்பல் எதையும் விழச்செய்யாமல் வரிசையின் பின்னே முளைப்பதால், அதனையும் பாற்பல் என்றே பெற்றோர் பலர் கருதிவிடுகின்றனர். விழப்போகும் பல்தானே என அதன் சொத்தை கவனிக்கப்படாது போகிறது. உதவியாளர் பெற்றோரிடம் விளக்கவேண்டிய இடம் இது. இங்கு முன், பின் என்னும் அடைகளைவிடப் 'பாற்பல்', 'நிலைப்பல்' என்னும் அடைகளே முதன்மை பெறுதல் வேண்டும்.

அறிவுப்பல் அல்லது ஞானப்பல் என்பதன் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. அரபியிலும் பாரசீகத்திலும் இலத்தீனிலும் இந்தியிலும் தமிழிலும் மூன்றாம் கடைவாய்ப்பல் அறிவோடு இணைக்கப்பட்டுள்ளது. பிறமொழிவழி வந்த உருவகம் இவ்வளவு இயல்பாகத் தமிழில் ஒட்டிக்கொண்டது அரிது.

புணர்ச்சியும் பொருள் மயக்கமும்

பல் என்னும் சொல்லுக்குத் தமிழில் ஓர் இரட்டை உண்டு. பல என்பது தொகைகளில் பல் என நிற்கும்: பன்மொழி, பன்முகம், பன்னாடு. பல்லைக் குறிக்கும் சொல்லும் மெல்லினத்தின் முன் அவ்வாறே திரியவேண்டும். ஆகவே புணர்ச்சி விதியின்படி பல் மருத்துவம் 'பன்மருத்துவம்' ஆகும். கேட்பவர் பலவகை மருத்துவம் என்றே கொள்வர். சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் 2014இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயரிலுள்ள 'பன்னோக்கு' என்னும் சொல்லைச் சிலர் 'பல்நோக்கு' எனப் பிரித்தெழுதும்போது, பல்லை நோக்கும் மருத்துவமனையோ எனப் புதியவர் ஐயுறுதற்கு இடமுண்டு. பல் மருத்துவமனை எனப் புணர்க்காது எழுதும் இன்றைய வழக்கு இலக்கணப் பிழை போலத் தோன்றினும், பொருள் காக்கும் வழக்கு என்றே ஏற்றுக்கொள்ளத்தக்கது. வல்லினத்தின் முன் இத்தொல்லை குறைவு. பற்கூழ், பற்சிப்பி என்பன மயங்கா.

பல்லின் பெரும்பகுதியாகிய உட்திசுவுக்குப் 'பன்முதல்' என ஒரு சொல் வழங்குகிறது. இது இருமுறை இடர்ப்படுகிறது. பல முதல்கள் எனவும் பிரியும். இலக்கணம் கற்றாருக்கோ பல்லின் முதல் என்பது பல்லின் அடியைக் குறிக்கும். தொல்காப்பியர் இடத்திற்கு ஆண்ட தொடரை இன்று பொருளுக்கு ஆள்வது கற்பவருக்கு உதவாது. தந்தினி என்னும் ஒலிசார் ஆக்கமே மேலானது.

பற்சிப்பி நல்ல சொல். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாகிய அப்புறப்படலம் சிப்பியின் ஓடுபோல் கடினமானது. சிதைந்தால் உடல் அதனை மீண்டும் ஆக்குவதில்லை. மிளிரி என்னும் மாற்றுச்சொல் பளபளப்பை மட்டுமே கூறுகிறது. கடினம் அதில் தொனிக்கவில்லை.

மிகுந்த எச்சரிக்கைக்குரியது பற்காரை. பல்லின் வேரைப் போர்த்தி, அதனைத் தாடை எலும்போடு பிணைக்கும் இழைகளுக்குப் பற்றுக்கோடாகும் மெல்லிய படலத்திற்குக் காரை எனப் பெயரிட்டவர் கட்டடத் தொழிலிலிருந்து அச்சொல்லை எடுத்தார். தனித்து நோக்கின் அழகிய ஆக்கம். ஆனால் பேச்சு வழக்கில் பல்லில் காரை படிதல் என்பது கறையும் கடினப் படிவும் ஏறுதலைக் குறிக்கிறது. 'காரையை எடுக்க வேண்டும்' என நோயாளி கூறும்போது அவர் கருதுவது அப்படிவை. ஒன்று சுரண்டி நீக்கவேண்டியது, மற்றொன்று காக்கவேண்டியது. இரண்டும் ஈறின் ஓரத்தில் அருகருகே உள்ளவை. நீக்கத்தக்கதற்கும் காக்கத்தக்கதற்கும் ஒரே சொல் வழங்கும் பயிற்சிநூல் நல்ல நூலாகாது. மக்கள் வழக்கை மாற்ற இயலாது. ஆகவே கலைச்சொல்லே விலகவேண்டும். வேர்ப்படலம் அல்லது வேருறை என்பது போதும்.

புறங்களின் பெயர்கள்

பல்லின் ஐந்து புறங்களையும் உதவியாளர் நாள்தோறும் எழுதுகிறார். கடிபரப்பு, கன்னப்புறம், நாப்புறம் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. முன்பல்லுக்குக் கன்னப்புறம் இதழ்ப்புறமாகும்; மேல்வரிசைக்கு நாப்புறம் அண்ணப்புறமாகும். எஞ்சிய இரண்டே இடர் தருவன. வரிசையின் நடுக்கோட்டை நோக்கிய புறம் ஒன்று; அதற்கு அப்பாற்பட்டது மற்றொன்று. இவற்றை முன்புறம், பின்புறம் என்றால் கடைவாய்ப்பல்லில் பொருந்துவது போலிருக்கும். வெட்டுப்பல்லில் முன்புறம் இதழ்ப்புறமாகிவிடும். பல்வரிசை வளைந்து செல்வது. முன்னும் பின்னும் நேர்கோட்டுச் சொற்கள்.

பொது உடற்கூற்றுச் சொல்லகராதியை நம்புவோர்க்கு மற்றொரு பொறி காத்திருக்கிறது. கை கால்களைப் பற்றிப் பேசுகையில் உடற்பகுதிக்கு அருகிலுள்ளதை அண்மை எனவும் விலகியதைச் சேய்மை எனவும் மொழிபெயர்ப்பது மரபு, அவை எதிர்ச்சொற்கள். பல் மருத்துவத்திலோ முதற்சொல்லுக்கு மூலமான ஆங்கிலச் சொல் அடுத்த பல்லைத் தொடும் புறம் எதனையும் குறிக்கும். அகராதியை அப்படியே பின்பற்றினால் 'சேய்மைப்புறம் ஓர் அண்மைப்புறம்' என்னும் முரண் விளையும். தொடுபுறம் எனப் பொதுப்பெயரும், அதன் வகைகளாக நடுப்புறம், கடைப்புறம் என இரு சிறப்புப்பெயரும் கொள்ளின் இம்முரண் எழாது. கடைவாய் என்பதில் ஏற்கெனவே உள்ள கடை இங்கும் அதே திசையைச் சுட்டுவதால் கற்பவர் நினைவில் எளிதில் நிற்கும்.

எண்கள்

1861இல் வியன்னாவின் சிக்மாண்டி வாயை நான்கு கால்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நடுக்கோட்டிலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணும் முறையை வகுத்தார். காலைக் காட்டக் கோடுகளாலான குறி ஒன்று வேண்டும்; எழுதலாம், வாயால் சொல்ல இயலாது. 1970களின் தொடக்கத்தில் உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு ஏற்ற முறை அக்குறிக்கு மாற்றாக ஓர் இலக்கத்தை வைத்தது. முதல் இலக்கம் காலைக் குறிக்கும்; இரண்டாவது, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதைக் குறிக்கும். நோயாளியின் வலமேல் 1, இடமேல் 2, இடக்கீழ் 3, வலக்கீழ் 4; பாற்பற்களுக்கு 5 முதல் 8 வரை. வலம் என்பது பார்ப்பவரின் வலம் அன்று.

அமெரிக்காவில் பயிலும் முறை 1 முதல் 32 வரை தொடர்ந்து எண்ணுவது. அங்கு 14 என்பது இடமேல் முதற் பின்கடைவாய்ப்பல். கூட்டமைப்பின் முறையில் 14 வலமேல் முதல் முன்கடைவாய்ப்பல். பல்சீரமைப்பிற்காக இப்பல்லைப் பிடுங்குதல் உண்டு. அமெரிக்க நூலைத் தமிழாக்குவோர் எண்ணை மாற்றாது விட்டால் விளைவது அச்சுப்பிழை அன்று. நல்ல பல் ஒன்றின் இழப்பு.

கூட்டமைப்பு முறையில் இரு இலக்கங்களையும் தனித்தனியே சொல்லவேண்டும். மூன்று ஏழு என்பதே முறை, முப்பத்தேழு என்பதன்று. தில்லிச் சூழலில் இவ்விதியின் இன்றியமையாமை தெளிவாகும். இந்தியில் 37 சைந்தீஸ், 47 சைந்தாலீஸ். 38 அடதீஸ், 48 அடதாலீஸ். துளைக்கருவி ஒலிக்கும் அறையில், முகக்கவசத்தின் பின்னிருந்து வரும் ஈரசைக்கும் மூவசைக்கும் உள்ள வேறுபாடு நழுவினால் இடக்கீழ்ப் பல் வலக்கீழ்ப் பல்லாகிவிடும். தமிழில் முப்பது, நாற்பது என முதலசையே வேறுபடுவதால் செவிப்பிழை குறைவு.

தமிழில் நேரும் பிழை வேறுவகையது. அது எழுத்தில் நேர்வது. மொழிபெயர்ப்பாளர் எண்ணைக் கண்டதும் ஆம் என்னும் விகுதியைச் சேர்த்து '36ஆம் பல்' என்று எழுதிவிடுகின்றனர். முப்பத்திரண்டே பற்களுள்ள வாயில் முப்பத்தாறாம் பல் எவ்வாறு இருக்கும் எனக் கற்பவர் திகைப்பர். '16ஆம் பல்' என்றிருப்பின் திகைப்பதும் இல்லை, ஏதேனும் ஒரு கோடியிலிருந்து பதினாறு வரை எண்ணத் தொடங்கிவிடுவர். 'பல் 36' என எண்ணைப் பின்னே நிறுத்தி, முதல் வருகையில் 'மூன்று ஆறு' என எழுத்தால் ஒருமுறை எழுதிக் காட்டுதல் வேண்டும்.