செவியும் கண்ணும்

ஒருவர் ஒரு மொழியைக் கற்றார் என்று சொல்லும்பொழுது நாம் நான்கு திறன்களைக் கருதுகிறோம். கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என்பன அவை. இவற்றுள் பேசலும் எழுதலும் வெளிப்படையானவை. பேசுவார் பிழை நாவில் தெரியும். எழுதுவார் பிழை தாளில் தெரியும். கேட்டலும் படித்தலும் அத்தகையன அல்ல. அவை உள்ளத்தினுள்ளே நிகழ்வன. மாணவன் தலையசைத்தான் என்பதனால் அவன் கேட்டது விளங்கிற்று என்று கொள்ளலாகாது. அவன் கண் வரிகளின்மேல் ஓடிற்று என்பதனால் பொருளை உணர்ந்தான் என்றும் கொள்ளலாகாது. கண்ணுக்குப் புலனாகாத இவ்விரு திறன்களையும் அளப்பது எங்ஙனம்? சீனமொழி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு நடத்தப்பெறும் ஆங்கிலத் தேர்வுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தேர்வு என்பது சீனத்துக்குப் புதியதன்று. அரசாங்க அலுவலரைத் தேர்வின் வாயிலாகத் தெரிந்தெடுக்கும் முறை அந்நாட்டில் ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நிலவியது. சுயி அரச மரபின் காலத்தில் தொடங்கிய அம்முறை 1905ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. சோங் மரபினர் காலத்தில், எழுதியவர் பெயரை மறைத்தும், விடைத்தாள்களை வேறு எழுத்தரைக் கொண்டு படியெடுத்தும், கையெழுத்தால் ஆளை அறியாதவாறு காத்தனர். நடுநிலை பிறழாமைக்கு அவர்கள் கொண்ட அக்கறை வியக்கத்தக்கது. எனினும் அத்தேர்வு கண்ணுக்கும் கைக்கும் உரியதாகவே பெரிதும் அமைந்திருந்தது. செவிக்கு அதில் இடமில்லை.

இந்நாளில் அந்நாட்டு மாணவரின் வாழ்வை வகுக்கும் தேர்வு, 'காவ்காவ்' எனப்படும் உயர்கல்வி நுழைவுத் தேர்வாகும். அது 1952இல் நாடு தழுவியதாக அமைந்தது, 1966இல் நிறுத்தப்பட்டது, 1977இன் இறுதியில் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு எழுதியோர் ஏறத்தாழ 57 லட்சம். இடம் பெற்றோரோ மூன்று லட்சத்துக்கும் குறைவு. 2024ஆம் ஆண்டில் இத்தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டவர் 1 கோடியே 34 லட்சம் பேர். தேர்வு நாள்களில் பள்ளிகளை அடுத்த கட்டட வேலைகள் நிறுத்தப்படும். வண்டிகள் ஒலியெழுப்புதல் தடுக்கப்படும். தேர்வுக்கூடத்துள் ஆங்கிலக் குரல் ஒலிக்கும்பொழுது, புறத்தே எழும் ஒரு சிற்றொலியும் ஒரு மாணவனின் எதிர்காலத்தைத் தாக்கக்கூடும் அன்றோ?

இனி, செவிக்குத் தனியே ஒரு தேர்வு ஏன் வேண்டும் என்று காண்போம். சீன எழுத்துமுறை ஒலியைவிடப் பொருளைச் சிறப்பாகச் சுட்டுவது. பெய்ஜிங் நகரத்தாரும் காண்டன் நகரத்தாரும் தத்தம் வழக்கில் பேசினால் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காது. எழுதிக் காட்டினால் இருவர்க்கும் விளங்கும். மேலும், 'ஷி' என்னும் ஓரொலிக்கே பல்வேறு பொருள்களையுடைய எழுத்துகள் பற்பல உள. ஆதலால், ஐயம் வந்தவிடத்துக் கண்ணைத் துணைக்கொள்வது அந்நாட்டார்க்குப் பழகிய வழி. இவ்வழக்கமுடைய மாணவன் ஆங்கிலத்தைக் கற்கும்பொழுதும் அச்சிட்ட பக்கத்தையே பெரிதும் நம்புவான். சொற்களின் வடிவம் மனத்தில் பதியும். அவற்றின் ஒலி பதியாது போகும்.

ஆங்கிலமோ கண்ணையும் செவியையும் ஒருங்கே ஏமாற்றும் மொழி. 'டஃப்', 'தோ', 'த்ரூ' என்னும் மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. கண்ணுக்கு அவை உறவினர், செவிக்கு அயலார். 'ரைட்' என ஒலிக்கும் சொற்களோ செவிக்கு ஒன்று. 'சரி' என்பது ஒன்று, 'எழுது' என்பது மற்றொன்று எனக் கண்ணுக்கு வேறு வேறு. ஆகவே, ஒருவன் ஒரு சொல்லைக் கண்டறிவான் என்பதிலிருந்து கேட்டும் அறிவான் என்று துணிதல் பொருந்தாது.

சீன மாணவர்க்குச் செவியில் நேரும் இடர்கள் சில குறிப்பிடத்தக்கன. பொதுச்சீன மொழியில் இரண்டு மெய்கள் ஒரு சொல்லின் முதலில் இணைந்து வாரா. சொல்லின் ஈற்றிலும் மூக்கொலிகளும் ஒருவகை ரகர ஒலியும் அன்றி வேறு மெய்கள் வருதல் இல்லை. எந்த எழுத்து மொழிக்கு முதலாகும், எது ஈறாகும் என்று வரையறுக்கும் நம் இலக்கணத்தைப் பயின்றவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆங்கிலத்திலோ ஈற்றில் நிற்கும் மெய்யே பலகால் பொருளைத் தாங்கி நிற்கிறது. 'வாக்' என்றால் நட. 'வாக்ட்' என்றால் நடந்தான். அக்கடைசி மெய் செவியில் விழாவிடில் காலம் மயங்கும். சீனத்தில் வினைச்சொல்லின் வடிவம் காலத்தால் மாறுவதில்லை. வேறு சொற்களும் இடைச்சொற்களுமே காலத்தை உணர்த்தும். ஆதலின் வினையின் ஈற்றில் காலத்தைத் தேடும் பழக்கம் அம்மாணவன் செவிக்கு இயல்பாக அமைவதில்லை.

மற்றோர் இடர் புணர்ச்சியால் வருவது. தமிழில் 'மரம்' என்பதும் 'வேர்' என்பதும் புணர்ந்தால் 'மரவேர்' என்று எழுதுகிறோம். ஒலியில் நிகழ்ந்த மாற்றத்தை எழுத்தும் காட்டுகிறது. ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. ஆனால் எழுத்து அதனைக் காட்டுவதில்லை. 'நாட் அட் ஆல்' என்று மூன்று சொல்லாக எழுதப்படுவது பேச்சில் 'நாட்டட்டால்' என ஒரு சொற்போல் ஒலிக்கும். மூன்று சொல்லையும் நன்கறிந்த மாணவன், இஃது ஏதோ நான்காவது சொல் என்று மயங்குவான். அவனுக்குக் குறை சொல்லறிவில் இல்லை. ஒலியைப் பிரித்தறிவதில் உள்ளது.

இசைவேறுபாடும் கருதத்தக்கது. சீனத்தில் 'மா' என்னும் ஒலி, இசையின் ஏற்றத்தாழ்வால் தாய், சணல், குதிரை, வசைமொழிதல் என நால்வேறு பொருள் தரும். அங்கே இசை சொல்லை வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்திலோ இசை பேசுவோரின் கருத்தை வேறுபடுத்துகிறது. 'எஸ்' என்னும் ஒரு சொல்லை உடன்பாடாகவும் சொல்லலாம், ஐயமாகவும் சொல்லலாம், எள்ளலாகவும் சொல்லலாம். 'பேசியவர் எம்மனநிலையில் உள்ளார்?' என்னும் வினா கேட்டல் தேர்வுகளில் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

இவற்றையெல்லாம் அளக்கும் முறை யாது? பெருவழக்கான காவ்காவ் ஆங்கிலத் தாளுக்குரிய 150 மதிப்பெண்ணில் 30 கேட்டலுக்கு உரியவை. வினாக்கள் 20, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் தரப்பட்டிருக்கும். முதற்பகுதியில் ஐந்து சிறு உரையாடல்கள். அவை ஒருமுறையே ஒலிக்கும். அடுத்த பகுதியில் நீண்ட உரையாடல்களும் தனியுரைகளும். அவை இருமுறை ஒலிக்கும். தாளின் தொடக்கத்தில் ஒரு சட்டையின் விலையைக் கேட்கும் எடுத்துக்காட்டு வினா பல ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. 19 பவுன் 15 பென்சு, 9 பவுன் 18 பென்சு, 9 பவுன் 15 பென்சு என்பன அதற்குரிய மூன்று விடைகள். எளிய வினாவாயினும் அதன் நுட்பத்தை நோக்குக. ஒன்பதையும் பத்தொன்பதையும், பதினைந்தையும் பதினெட்டையும் ஒலியால் பிரித்தறியாதவன் விடைகாண இயலாது. இங்கே ஊகத்துக்கு இடமில்லை, செவியே சான்று.

படித்தல் தேர்வு வேறு வகையினது. அங்கே மாணவன் மீண்டும் மீண்டும் பார்க்கலாம். ஆகவே வினாக்கள் ஆழ்ந்து செல்கின்றன. பகுதியின் மையக்கருத்து யாது, குறித்த செய்தி எங்குள்ளது, சொல்லாமற் சொன்னது யாது, அறியாத சொல்லுக்கு இடம்நோக்கிப் பொருள் யாது என நால்வகையாக அவை அமையும். மற்றும் ஒரு வினாவகை உண்டு. ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியங்களை நீக்கிவிட்டு, ஏழு வாக்கியங்களைத் தருவர். உரிய ஐந்தை உரிய இடங்களில் அமைக்க வேண்டும். எஞ்சும் இரண்டு பொருந்தாதவை. சொற்களின் பொருளை மட்டும் அறிந்தவன் இதில் வெல்ல இயலாது. முன்னும் பின்னும் கருத்து எவ்வாறு தொடர்கிறது என்று உணர்ந்தவனே வெல்வான்.

தேர்வு அமைப்போர் விலக்க வேண்டிய குற்றங்கள் மூன்று. முதலாவது, ஊகத்தின் பயன். மூன்று விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், 20 வினாவில் ஆறு ஏழு சரியாக அமைந்துவிடலாம். ஆகவே தாழ்ந்த மதிப்பெண்ணைக் கொண்டு 'இவனுக்கு இவ்வளவு தெரியும்' என்று துணிதல் கூடாது. இரண்டாவது, பொதுவறிவின் பயன். பகுதியைப் படியாமலே விடை சொல்லத்தக்க வினா, படித்தலை அளப்பதன்று. மூன்றாவது, ஒரு திறன் மற்றொன்றில் கலத்தல். கேட்டல் தேர்வில் வினாவும் விடைகளும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டுள்ளன. விரைந்து படிக்க மாட்டாதவன், நன்றாகக் கேட்டிருந்தும் விடையிழப்பான். அவன் இழந்தது செவியாலா, கண்ணாலா? மதிப்பெண் அதனைச் சொல்லாது. வினா சுருக்கமாகவும் எளிய சொற்களாலும் அமைய வேண்டும் என்பது இதனாலேயாம்.

ஹாங்காங்கில் காண்டனீசு வழக்கு மிகுதி. அங்கு 2012 முதல் நடைபெறும் உயர்நிலைக் கல்விப் பட்டயத் தேர்வில் படித்தலுக்கு ஒரு தாளும் கேட்டலுக்கு ஒரு தாளும் தனித்தனியே உண்டு. படித்தல் தாளில் எல்லார்க்கும் பொதுவான ஒரு பகுதியும், எளியது அரியது என்னும் இரண்டனுள் மாணவர் தாமே தெரிந்துகொள்ளும் ஒரு பகுதியும் உள்ளன. கேட்டல் தாளிலோ, கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, உடன் தரப்படும் ஏடுகளையும் படித்து, கடிதமோ அறிக்கையோ எழுத வேண்டும். கலத்தல் குற்றம் என்று மேலே சொன்னோம். ஆயின் அலுவலகத்திலும் கல்லூரியிலும் கேட்டலும் படித்தலும் கலந்தே நிகழ்கின்றன. அறியாமற் கலப்பது குற்றம். அறிந்து, அறிவித்துக் கலப்பது முறை. அத்தேர்வின் கேட்டற்பகுதி பல ஆண்டுகளாக வானொலி வழியே ஒலிபரப்பப்பட்டு வந்துள்ளமை மற்றொரு புதுமை.

இனி, மதிப்பெண்ணின் பொருளைச் சிந்திப்போம். இரு மாணவர் உளர் எனக் கொள்க. இருவரும் ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் பெற்றனர். ஒருவனுக்குப் படித்தலில் குறைவில்லை, செவி வலுவற்றது. மற்றவன் கேட்டதை உடனே உணர்வான். பக்கத்தைக் கண்டால் தளர்வான். கூட்டுத்தொகை இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. ஆசிரியரும் இருவர்க்கும் ஒரே பயிற்சியைத் தருவாராயின் இருவர்க்கும் பயனில்லை. நோய்நாடாது மருந்து கொடுப்பதை ஒக்கும் அது. முதல்வனுக்கு, கேட்டதை அப்படியே எழுதும் பயிற்சி நன்று. அவன் எழுதிய தாளில் எந்த ஈற்றுமெய் விடுபட்டது, எங்கே இரு சொல் ஒன்றாயிற்று என்று ஆசிரியர் கண்கூடாகக் காணலாம். மற்றவனுக்கு, அளவான பகுதிகளை நாள்தோறும் படித்துக் கருத்தைத் தன்சொல்லால் கூறும் பயிற்சி நன்று.

மதிப்பெண்ணை மாற்றுவதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 2018 நவம்பர் திங்களில் சீனத்தின் செச்சியாங் மாகாணத்தில் நுழைவுத் தேர்வின் ஆங்கிலப் பகுதி நடைபெற்றது. முன்னைய தேர்வைவிட வினாக்கள் கடினமாக இருந்தன என்று கருதி, சில வினாக்களின் மதிப்பெண்களை அதிகாரிகள் எடைகூட்டிக் கணக்கிட்டனர். மதிப்பெண் வெளிவந்ததும் மாணவரும் பெற்றோரும் முறையிட்டனர். டிசம்பரில் மாகாண அரசு அம்முடிவு தவறென அறிவித்து, முதலில் பெற்ற மதிப்பெண்களையே மீட்டளித்தது. கடினமான தாளால் மாணவர் இடர்ப்படாதிருக்க வேண்டும் என்பது நல்லெண்ணமாக இருக்கலாம். ஆயினும், எதற்கு எவ்வளவு என்பதை முன்னரே அறிவியாத அளவுகோலை எவரும் நம்பார்.

தேர்வு எதனை அளக்கிறதோ அதனையே பள்ளி கற்பிக்கும். செவிக்குத் தேர்வு இல்லையேல் வகுப்பில் செவிக்குப் பாடம் குறைந்துபோகும். தேர்வு வந்தபின் பள்ளிகள் ஒலிக்கருவிகளைத் தேடுகின்றன. ஆசிரியர் ஆங்கிலத்தில் பேச முற்படுகின்றனர். இது நன்மை. ஆயின், நகரத்துப் பள்ளியில் உள்ள கருவியும், அயல்மொழியைத் திருந்த ஒலிக்கும் ஆசிரியரும் மலைநாட்டுச் சிற்றூர்ப் பள்ளியில் இல்லையெனின், கேட்டலுக்குரிய 30 மதிப்பெண் மாணவனை அளப்பதோடு அவன் பிறந்த ஊரையும் சேர்த்தே அளந்துவிடும். ஆதலால் செவித்தேர்வை ஏற்படுத்துவோர், அதற்குரிய செவிப்பயிற்சியை எல்லாப் பள்ளிக்கும் வழங்கக் கடமைப்பட்டவராவர்.

நம் முன்னோர் கேட்டறியும் அறிவைக் 'கேள்வி' என்றனர். வினவுதலையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். நன்றாகக் கேட்டவனே நன்றாக வினவுவான் என்னும் உண்மை அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. தேர்வும் அத்தகைய வினவுதலே. 'உனக்கு என்ன தெரியாது?' என்று அச்சுறுத்துவது அதன் பணியன்று. 'உன் செவி எதுவரை வந்துள்ளது? உன் கண் எதுவரை வந்துள்ளது? இனி நீ செல்ல வேண்டிய வழி எது?' என்று உசாவுவதே அதன் பணி. அவ்வாறு உசாவும் தேர்வே மாணவனுக்குத் துணையாகும்.