திரும்ப சூடு பண்ணா கிருமி சாகும்... அப்புறம் ஏன் வாந்தி? ‘ஃபுட் பாய்சன்’ ஆவது எப்படி?

2021 டிசம்பர் 18. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஸ்தம்பித்தது. சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள். பூந்தமல்லி அருகே அவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பிட்ட சுமார் 250 பேருக்கு உடல்நிலை பாதிக்கப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, “எங்க கூட இருந்தவங்க எங்கே?” என்று கேட்டு மற்றவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். உயிரிழப்பு இல்லை என்று அரசு விளக்கியது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மீண்டும் இயங்கியது.

ஒரு வேளை சாப்பாடு இத்தனை பேரை எப்படிச் சாய்க்கிறது?

கிருமியா, விஷமா?

‘கிருமி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. பாக்டீரியா ஒரே செல்லால் ஆன உயிர். சோறு, குழம்பு, பால் என எதிலும் தானாகவே பெருகும். வைரஸ் அப்படி இல்லை. நம் உடல் செல்லுக்குள் நுழைந்தால்தான் அதனால் பெருக முடியும். ஆறிய சாம்பாரில் நேரம் ஆக ஆக எண்ணிக்கை ஏறுவது பாக்டீரியாதான்.

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடுதான் அவற்றுக்குக் கொண்டாட்டம். சூழல் சரியாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு பாக்டீரியா 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். சாயங்காலம் வடித்து அண்டாவில் மூடி வைத்த சோறு, செகண்ட் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருபவரின் தட்டுக்குப் போகும் நேரம் அது.

“சாப்பிடறப்போ நல்லா கொதிக்க வெச்சுட்டா போதுமே” என்பார்கள். இங்கேதான் சிக்கல்.

சோற்றில் வளரும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ பாக்டீரியா, விதை போன்ற ‘ஸ்போர்’ வடிவில் கொதிநிலையையும் தாங்கிக் கிடக்கும். சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி, ஒரு நச்சை வெளியேற்றும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. குக்கர் விசில் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை! இன்னொன்று ‘ஸ்டெஃபைலோகாக்கஸ்’. ஆரோக்கியமானவர்களின் மூக்கிலும் தோலிலுமே இருக்கும். சமைப்பவரின் கையிலிருந்து உணவுக்கு வந்துவிடும். கொதிக்க வைத்தால் இந்தக் கிருமி சாகும், அது ஏற்கெனவே விட்ட நச்சு சாகாது. வீட்டில் சாதாரணமாகச் சொல்லும் ‘ஃபுட் பாய்சன்’ என்ற பெயர் இந்த இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ருசி, வாசனையை வைத்து இந்த நச்சைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

உடலுக்குள் என்ன நடக்கும்?

குடல் சுவரில் உள்ள செல்கள் நச்சை உணர்ந்ததும் ‘செரோடோனின்’ என்ற வேதிப்பொருளை விடும். வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகும். உடனே வாந்தி. உள்ளே வந்த விஷத்தை உடலே வெளியே தள்ளும் வேலை இது.

சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், பெரும்பாலும் நச்சின் வேலை. சால்மோனெல்லா போல குடலுக்குள் போய்ப் பெருகும் கிருமிக்கு 6 மணி நேரம் முதல் 6 நாள் வரை ஆகலாம், காய்ச்சலும் சேரும். அதனால்தான் டாக்டர் முதலில், “எப்போ சாப்பிட்டீங்க?” என்று கேட்கிறார். ஏற்கெனவே உருவான நச்சை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. மெடிக்கலில் நாமே வாங்கிப் போடுவது வீண்.

உண்மையான ஆபத்து, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். மலத்தில் ரத்தம், பல மணி நேரம் சிறுநீர் வராமை, மயக்கம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரே ஹாஸ்டலில் பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி என்றால், மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டாம். யாரும் சாப்பிடாதபடி மூடி, ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் பரிசோதனைக்கு முதலில் கேட்பது அதைத்தான்.