மௌனமாய் ஸ்தம்பிக்கும் தொலைபேசி நிரல்

அலுவலகத் தொலைபேசிகளை இணைக்கும் கணினி, மின்சாரத்திலும் வலையிணைப்பிலும் குறையேதும் இல்லாதபோதே, ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் திடீரென்று ஸ்தம்பித்து, அணைத்துத் துவக்கியதும் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்கிறதே, அதன் காரணம் என்ன என்று வாசகர் ஒருவர் வினவுகிறார். இதைவிட வேகமான கணினியை வாங்கினால் தொல்லை தீரும் என்ற விளம்பர வாக்கை அவர் நம்ப வேண்டியதில்லை. ஏனெனில் இத்தகைய ஸ்தம்பிப்புகள் பலவற்றில் கணினி திணறுவதே இல்லை, வெறுமனே காத்திருக்கிறது.

1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய அஸ்டரிஸ்க் என்னும் திறந்தமூல நிரலையே எடுத்துக்கொள்வோம். அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் சிப் (SIP) நெறிமுறையைக் கையாண்ட அதன் பழைய பகுதியில், ஓர் அழைப்பைப் பொதுவாக நிர்வகிக்கும் சேனலுக்கு ஒரு பூட்டும், மறுமுனையோடு நடக்கும் சிப் சம்பாஷணையின் பதிவுக்கு இன்னொரு பூட்டும் இருந்தன. ஒரு பூட்டை ஒரு நேரத்தில் நிரலின் ஒரே இழைதான், அதாவது தனித்து ஓடும் ஒரே வேலைத்தொடர்தான், பிடிக்க முடியும். மைய இழை சேனலைப் பூட்டிக்கொண்டு பதிவை நாடும். வலையில் வந்த செய்தியைக் கவனிக்கும் இழையோ பதிவைப் பூட்டிக்கொண்டு சேனலை நாடும். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் உரலைப் பிடித்துக்கொண்டு உலக்கைக்காகவும், இளையவள் உலக்கையைப் பிடித்துக்கொண்டு உரலுக்காகவும் நின்றால், நெல் நெல்லாகவே கிடப்பதுதானே நியாயம்! இதுவே டெட்லாக்.

1965-இல் கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா இச்சிக்கலைத் தேர்வு வினாவாக்கினார். 1971-இல் காஃப்மன் முதலிய மூவர் இது நேர்வதற்கான நான்கு நிபந்தனைகளை வகுத்தனர். சரித்திரம் இவ்வளவு போதும்.

உரலுக்குப் பின்பே உலக்கை என்று நியதி வகுத்தால் தீர்ந்தது எனலாம். ஆனால் செய்தியோடு வரும் இழைக்கு முதலில் கைக்கு எட்டுவது உலக்கைதான். உரல் எங்கே என்பதை அதன் மூலமாகத்தான் அறிய வேண்டும். ஆகையால் ஆதியில் ஓர் உபாயம் செய்தார்கள்: உரல் ஓய்வாயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது, இல்லையேல் உலக்கையைக் கீழே வைத்து ஒரு மைக்ரோ விநாடி உறங்கி, மறுபடி எடுத்துப் பார்ப்பது. இதிலும் ஒரு சூட்சுமமான பொறி இருந்தது. ஒரே இழை ஒரே பூட்டை இருமுறை போட அஸ்டரிஸ்க் அனுமதிக்கிறது. இரு கைகளால் உலக்கையைப் பற்றியிருந்தவள் ஒரு கையை மாத்திரம் எடுத்துவிட்டு, "வைத்துவிட்டேன்" என்று நம்பிக் காத்திருந்தால், மூத்தவளுக்கு அது என்றைக்குக் கிடைக்கும்? நிரல் சும்மா நிற்பதற்குப் பதிலாக முடிவின்றிச் சுழலத் தொடங்கும்.

பின்னாளில் வந்த திருத்தமே என் மனத்துக்கு உகந்தது. எந்த உரல் என்பதைக் குறித்துக்கொண்டு, அது அழிக்கப்படாதபடி அதன்மேல் ஓர் உரிமைக் குறிப்பை வைத்து, உலக்கையை முழுமையாக வைத்துவிட்டு, உரல், உலக்கை என்ற கிரமத்திலேயே திரும்ப எடுத்து, இடைப்பொழுதில் உரல் மாறிவிடவில்லையே என்று சரிபார்ப்பது; மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்குவது. அழைப்பு அந்தக் கணத்திலேயே துண்டிக்கப்பட்டிருக்கலாம் அல்லவா?

வாசகரின் இணைப்பகமும் அஸ்டரிஸ்க்காக இருந்தால், டீபக் த்ரெட்ஸ் என்ற தெரிவோடு அதைத் தொகுக்கச் சொல்லலாம்; வேகம் குறையும். அடுத்த முறை ஸ்தம்பித்ததும், சாட்சியத்தை அழித்துவிடும் மறுதுவக்கத்துக்கு முன்பாக, 'கோர் ஷோ லாக்ஸ்' என்ற கட்டளையை இட்டால், எந்த இழை எதைப் பிடித்துக்கொண்டு எதற்காக நிற்கிறது என்ற பட்டியல் திரையில் வரும்.