உங்களுக்குத் தெரியுமா? கடித்தது காட்டு உயிர், பதில் சொல்ல வேண்டியவர் யார்?

காசு கொடுத்து உள்ளே போன இடத்தில் பாம்பு கடித்தால், குரங்கு பிறாண்டினால், தேனீ கொட்டினால் பலரும் தலைவிதி என்று பேசாமல் வீடு திரும்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஓட்டல், மண்டபம், ரிசார்ட், பண்ணை நடத்துபவர்களும் அங்கே போய் வருபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதோ.

ரயிலில் எலி கடித்ததற்கு 27,000 ரூபாய்

2014 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போன ஒரு பயணியை எலி கடித்தது. அவர் சும்மா இருக்கவில்லை, சேலம் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2019-ல் தீர்ப்பு வந்தது. இழப்பீடாக 25,000 ரூபாயும் மருத்துவச் செலவுக்கு 2,000 ரூபாயும் ரயில்வே தர வேண்டும் என்று மன்றம் உத்தரவிட்டது. அந்த எலியை ரயில்வே வளர்க்கவில்லை, ஏவிவிடவும் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவர் இரவெல்லாம் படுத்து வரும் பெட்டியில் எலி இல்லாமல் பார்த்துக்கொள்வது ரயில்வேயின் வேலை. அந்த வேலை நடக்காததுதான் சேவைக் குறைபாடு. தொகை சின்னதுதான். ஆனாலும் நம்ம ஊர் மன்றத்தில் கிடைத்த இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

எல்லா வழக்கும் இரண்டு கேள்வியில் அடங்கும்

தானாகத் திரியும் காட்டு உயிருக்குக் கடைக்காரர் உரிமையாளர் அல்ல. அது செய்ததற்கெல்லாம் அவர் பொறுப்பேற்க முடியாது. நீதிமன்றம் கேட்பது இரண்டு: இந்த ஆபத்து அவருக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்த பிறகு தடுக்க என்ன செய்தார்? எங்கிருந்தோ முதல்முறையாக வந்த பாம்பு வேறு. போன வாரமே இரண்டு முறை பார்த்தும் அடைக்காமல் விட்ட பொந்திலிருந்து வந்த பாம்பு வேறு.

கூடாரத்தில் தங்கியவரை மிதித்த யானை

2021 ஜனவரி 23-ஆம் தேதி இரவு வயநாடு மேப்பாடி அருகே காட்டை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில், கூடாரத்தில் தங்க வந்த ஆசிரியை ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். யானை நடமாடும் இடம் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் விருந்தினரைத் துணிக்கூடாரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். ரிசார்ட் மூடப்பட்டது, நடத்தியவர்கள் கைதானார்கள். அனுமதி இல்லாமல் இயங்கிய கூடார விடுதிகள் மீது மாவட்ட நிர்வாகத்தின் பார்வை திரும்பியதும் அதன் பிறகுதான். காட்டோரத்தில் அறை எடுப்பவர் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

ஏற்காடு, கொல்லிமலை விடுதிக்காரர்கள் கவனத்துக்கு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் புதிதல்ல. கொல்லிமலையில் கரடி உண்டு. ஊரறிந்த விஷயத்தை வெளியூர் விருந்தினருக்கு மட்டும் சொல்லாமல் விடுவது கவனக்குறைவு. மாலைக்குப் பிறகு எந்தப் பாதையில் போகக் கூடாது, விளக்கு எங்கே இல்லை, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். விருந்தினருக்குக் காட்டுவதற்காக உப்போ பழமோ வைத்து விலங்கை வரவழைத்தால் பொறுப்பு இன்னும் கூடும். அழைத்தவரே அவர்தானே! காட்டெருமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்பதால் அதைத் துரத்தி வீடியோ எடுப்பவரும் மாட்டிக்கொள்வார்.

கல்யாண மண்டபத்து மரத்தில் மலைத்தேன் கூடு

மலைத்தேனீ பொந்துக்குள் கட்டாது. வெட்டவெளியில் உயரமான கிளையிலோ, தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ, கட்டடத்தின் நீட்டிலோ ஒற்றை அடையாகத் தொங்கவிடும். பருவம் மாறினால் கூட்டம் கிளம்பிப் போகும், அடுத்த பருவத்தில் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். மண்டபத்து முதலாளி ‘எதிர்பார்க்கவே இல்லை’ என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் வாசலில் ஆயிரம் வாலா கொளுத்துகிறார்கள். புகை நேராக மேலே ஏறுகிறது. ஒரு தேனீ கொட்டினால் அது விட்டுச் செல்லும் வாசனையே மற்ற தேனீக்களையும் அதே ஆளை நோக்கி இழுக்கும். குழந்தையும் வயதானவர்களும் ஓடி ஒளிய இடம் தேடுவதற்குள் நூறு கொட்டு விழுந்துவிடும். மண்டபத்தை வாடகைக்கு விடும்போதே கூட்டைக் காட்டி, அந்தப் பக்கம் வெடியும் புகையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கதண்டுக் கூடு என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அகற்றுவார்கள். அழைக்க வேண்டிய எண் 101 அல்லது 112.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது?

2016 ஜூனில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னி விடுதி ஒன்றின் ஏரிக்கரையில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்றது. ‘நீந்தக் கூடாது’ என்ற பலகை அங்கே இருந்தது. முதலை இருக்கிறது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. அதன் பிறகே முதலை, பாம்பு எச்சரிக்கைப் பலகைகளும் கரையோரத்தில் பாறைத் தடுப்பும் வந்தன. என்ன ஆபத்து என்று பெயர் சொல்லி எழுதாத பலகையால் பயன் குறைவு. நம்ம ஊரில் அது தமிழில் இருக்க வேண்டும், படத்துடன் இருந்தால் இன்னும் நல்லது.

‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதினால் போதுமா?

போதாது. டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் விருந்தினர் நிறுத்தக் கொடுத்த கார் 1998-ல் திருடு போனது. சீட்டில் ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று அச்சடித்திருந்தார்கள். தன் பக்கத்துக் கவனக்குறைவை மறைக்க அந்த வரி உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொன்னது. காருக்கே அப்படி என்றால், உயிருக்கும் உடம்புக்கும் சுவரில் எழுதிய ஒரு வரி கேடயமாகாது.

தெரிந்தே போனவருக்கு?

வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் குளத்தருகே மூதாட்டி ஒருவர் 2007-ல் முதலை தாக்கி இறந்தார். குளத்தில் முதலை உண்டு என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும் என்று கூறி, 2012-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தை விடுவித்தது. இங்கும் பலகையைப் படித்துவிட்டு வேலியைத் தாண்டியவர், கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குக் கையிலேயே பிஸ்கட் நீட்டியவர் முழு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது.

வளர்த்தால் கதையே வேறு

தானாக வந்த விலங்குக்குக் கேட்கும் கேள்விகளை, கூண்டில் வைத்த விலங்குக்கு யாரும் கேட்பதில்லை. 1846-லேயே இங்கிலாந்து நீதிமன்றம், ஒரு பெண்ணைக் கடித்த வளர்ப்புக் குரங்கின் வழக்கில், கடிக்கும் என்று தெரிந்தும் வைத்திருந்தவரே முழுப் பொறுப்பு என்றது. 1957-ல் அங்கே ஒரு சர்க்கஸ் வழக்கு வந்தது. நன்கு பழகிய யானை ஒரு சிறு நாயைக் கண்டு மிரண்டதில் பக்கத்தில் இருந்தவர்கள் காயமடைந்தார்கள். ‘எங்கள் யானை சாது’ என்ற வாதம் எடுபடவில்லை. நம் நாட்டில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு உண்டு. தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராமல் காக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உயிரியல் பூங்காவில்

சேர்வராயன் அடிவாரத்துக் குரும்பப்பட்டி பூங்காவுக்குப் போனால், கூண்டுக்கும் நாம் நிற்கும் இடத்துக்கும் நடுவே இன்னொரு தடுப்பு இருப்பதைப் பாருங்கள். அழகுக்காக வைத்தது இல்லை அது. உயிரியல் பூங்கா விதிகளே கேட்கும் பாதுகாப்பு. 2014 செப்டம்பரில் டெல்லிப் பூங்காவில் வெள்ளைப் புலியின் இடத்துக்குள் விழுந்த இளைஞர் உயிரிழந்தபோது, அந்தத் தடுப்பின் உயரம் நாடு முழுக்கக் கேள்வியானது. நம் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி போகும் பன்னர்கட்டாவில், 2025 ஆகஸ்டில் சஃபாரி வண்டியின் ஜன்னல் வழியே சிறுத்தை ஒரு சிறுவனின் கையைப் பிறாண்டியது. அதன் பிறகுதான் ஜன்னல்களைக் கம்பிவலையால் மூடும் பேச்சு வந்தது. ஒரு குழந்தைக்கு அடிபட்ட பிறகா வலை வர வேண்டும்?

கோழித் தீவனமும் பாம்பும்

நாமக்கல் பண்ணைகளில் தீவனம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். முட்டை ஏற்ற வரும் வியாபாரியும் லாரி ஓட்டுநரும் அந்த இடத்தில்தான் இருட்டில் நடமாடுகிறார்கள். பைபாஸ் ஓட்டல்களின் பின்பக்கக் கழிப்பறைக்கும் இதே நிலைமைதான். எச்சில் இலைக் குவியல், உடைந்த சாக்கடை மூடி, எரியாத பல்பு மூன்றும் சேர்ந்த இடத்தில் கடி விழுந்தால், அதை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. தனியார் மருத்துவமனையும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

வேலைக்காரருக்குத் தனிச் சட்டம்

வாடிக்கையாளர் மட்டுமல்ல, பண்ணையிலும் விடுதியிலும் வேலை செய்பவரும் பாதுகாப்புக்கு உரியவர். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழி சொன்னது, 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வழி சொல்கிறது. முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டிய தேவைகூட அதில் இல்லை.

அரசு நிவாரணம் வாங்கினால் கடைக்காரர் தப்பிவிடுவாரா?

இல்லை. வனவிலங்கு தாக்கி இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ தரும் கருணைத் தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் 10 லட்சமாக உயர்த்தியது. பலத்த காயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்தின் சிகிச்சைக்கு 25,000 வரை. அது அரசு காட்டும் பரிவு. தனியாரின் கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அதனால் போய்விடாது.

வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம்

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் பாம்புக்கடி மரணமும் சேரும். உடனடி மருத்துவமனைப் பதிவு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைத்த குடும்பத்துக்கு உயிரும் போகும், காகிதமும் இருக்காது.

இலவச இடத்தில் கடித்தால்?

நுகர்வோர் சட்டம் காசு கொடுத்துப் பெற்ற சேவைக்கே பொருந்தும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. ஆனாலும் பொறுப்பு மறைந்துவிடாது. 2025-ல் இந்தூர் அரசு மருத்துவமனையில் எலி கடித்த இரண்டு பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது.

வயநாட்டில் அடிபட்டவர் நாமக்கல்லில் வழக்குப் போடலாம்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ராசிபுரத்துக் குடும்பம் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். சந்தேகம் கேட்க 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

அன்றைக்கே செய்ய வேண்டியது

முதலில் சிகிச்சை. குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். மருத்துவமனையில் எங்கே, எது, எப்படிக் கடித்தது என்று சொல்லிப் பதியச் செய்து ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டின் காப்பி கேளுங்கள். நுழைவுச் சீட்டையும் பில்லையும் கிழிக்காதீர்கள். பொந்து, உடைந்த வேலி, எரியாத விளக்கு, இல்லாத பலகை எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். கேமரா பதிவு சில வாரத்தில் தானே அழிந்துவிடும் என்பதால், அதை எடுத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத்திலேயே கொடுங்கள்.

கடை நடத்துபவருக்கு ஒரு நோட்டு

பாம்பைப் பார்த்தோம், கூட்டைப் பார்த்தோம், குரங்கு வந்தது என்று தேதி போட்டு எழுத ஒரு நோட்டு வையுங்கள். அடுத்த பத்தியில் அதற்கு என்ன செய்தீர்கள், யாருக்குச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், விலங்கால் வரும் காயம் அதில் உண்டா என்று இன்றே படித்துப் பாருங்கள். இரண்டாவது பத்தி காலியாக இருக்கும் நோட்டு உங்களுக்கு எதிரான சாட்சி. அது நிரம்பியிருந்தால் நீதிமன்றத்தில் உங்களைக் காக்கும். அதைவிட முக்கியம், வழக்கே வராத அளவுக்கு உங்கள் வாசலுக்கு வந்தவரைக் காக்கும்.