டைவ் அடிச்சாச்சு... கணக்கு யார் கையில்?

சனிக்கிழமை ராமேஸ்வரம் பக்கம் ஸ்கூபா டைவிங். முடித்த கையோடு மதுரை வழியாகக் கொடைக்கானல். லீவுக்கு அருமையான திட்டம்தான். ஆனால், கடலிலிருந்து ஏறிய எத்தனை மணி நேரத்தில் மலை ஏறுகிறோம் என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. சிலிண்டர் காற்றிலுள்ள நைட்ரஜன், அந்த அழுத்தத்தில் உடம்புக்குள் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறும். அவசரப்பட்டால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ்களாகப் பொங்கும். மூட்டுவலியிலிருந்து கை கால் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடும் இதற்கு 'பெண்ட்ஸ்' என்று பெயர்.

கரையேறிய பிறகும் கொஞ்சம் நைட்ரஜன் மிச்சமிருக்கும். அதனால்தான் ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள் நிபுணர்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கும் அதே ஜாக்கிரதை தேவை.

முத்துக்குளிப்பவர்களுக்குப் படகில் கயிறு பிடித்து நின்றவரே காவல். இன்று அந்த இடத்தில் இருப்பது, மணிக்கட்டில் கட்டும் 'டைவ் கம்ப்யூட்டர்'. ஆழம், நேரம், வெப்பநிலையைத் தொடர்ந்து குறித்து, எப்போது மேலேற வேண்டும் என்றும் சொல்லும்.

பூட்டிய டைரி

ஆனால், அதன் நினைவகம் சிறியது. நிறைந்துவிட்டால் பழைய டைவ்கள் அழிந்து, புதியவை பதிவாகும். வெளியே எடுத்து வைக்கலாம் என்றால், ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி மென்பொருள் வைத்திருக்கிறது. தகவல் எந்த வடிவில் பதிவாகிறது என்பதைப் பல கம்பெனிகள் சொல்வதில்லை. பிராண்டு மாறினால், பழைய டைரியைத் திறப்பதே பெரும்பாடு.

இந்தப் பூட்டைத் திறந்தவர்களில் ஒருவர், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அவரும் டைவர்தான். 2011-ல் லினக்ஸ் கெர்னல் தளம் ஹேக் செய்யப்பட்டு முடங்கியிருந்த நாள்களில், அவர் எழுதத் தொடங்கியதுதான் 'சப்சர்ஃபேஸ்'. மறுஆண்டு டிர்க் ஹோண்டெல் பொறுப்பேற்றார். டைவ் கம்ப்யூட்டர்களோடு பேசும் வேலையைச் செய்வது, ஜெஃப் டிரீசன் உருவாக்கிய 'லிப்டைவ்கம்ப்யூட்டர்'. இரண்டுமே இலவசம், மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

கனெக்ட் ஆகவில்லையா?

* கம்பெனி, மாடல் இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மாடல் மாறினால் தகவல் வராது.

* சில யூ.எஸ்.பி. கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும். கேபிளை மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் கேபிளுக்கான டிரைவரும் தேவைப்படலாம்.

* உபுண்டு போன்ற லினக்ஸில் 'அனுமதி இல்லை' என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாக்-அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள்.

* செல்போனிலும் சப்சர்ஃபேஸ் இயங்கும். ஐபோனில் குறைந்த மின்சக்தி புளூடூத் உள்ள கருவிகள் மட்டுமே இணையும்.

* பேட்டரி மாற்றியதும் தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். கடிகாரம் தவறினால் எந்த டைவ் எப்போது என்பதே குழம்பிவிடும்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தகவலை இறக்கி, ஒரு நகலும் எடுத்து வையுங்கள். டைவுக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டர் முதலில் கேட்பது, 'எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக மேலே வந்தீர்கள்?' என்றுதான். பதில் உங்கள் கையில் இருக்கட்டும். கொடைக்கானல் எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு நாள் மதுரையில் தங்கி, ஜிகர்தண்டா குடித்துவிட்டு மெதுவாகவே மலையேறலாம்!